இடது கால் பழகட்டும்

என்னிடம் கார் பழக வருகிற பெண்களை முதல் நாள் ஸ்டீயரிங் பக்கம் விடுவதில்லை. பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் ஓட்டுவேன். கோயம்புத்தூரில் சரவணம்பட்டி தாண்டி உள்ளே போகிற ரோடுகளில் காலை ஆறு மணிக்குக் கூட்டம் இருக்காது. கியர் மாறுவது தெரிந்தால் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான் பாடம். காதைத் தீட்டிக்கொண்டு சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. சிலர் கடைசிவரை தட்டுவதே இல்லை. அப்புறம் வேண்டுமென்றே கிளட்சைப் பொசுக்கென்று விடுவேன். தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். கை தானாகத் தட்டிவிடும்.

ஓட்டுகிறவருக்கு அந்தக் குலுக்கல் பாதிதான் தெரியும். கையில் ஸ்டீயரிங் இருக்கிறது, கால் ஊன்றியிருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்பதும் தெரியும். பின்னால் இருக்கும் மாமியாருக்கும் குழந்தைக்கும் இது எதுவும் கிடையாது. அவர்களுடைய கழுத்தை வைத்துத்தான் ஒருவர் ஓட்டுவதை நான் எடை போடுகிறேன்.

வண்டி ஏன் குலுங்குகிறது என்று கேட்டால் பலரும் "கிளட்ச் சரியா விடலை" என்பார்கள். சரிதான், ஆனால் உள்ளே நடப்பது புரிந்தால் கால் சீக்கிரம் பழகும். பெட்ரோல் எஞ்சின் ஆக்சிலேட்டரைத் தொடாமலே நிமிடத்துக்குச் சுமார் 800 தடவை சுற்றிக்கொண்டிருக்கும். நிற்கிற வண்டியின் சக்கரம் சுற்றவே இல்லை. 800 சுற்றையும் பூஜ்யத்தையும் ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். எஞ்சினின் கடைசியில் ஃபிளைவீல் என்ற கனமான இரும்பு வட்டு இருக்கிறது. கியர் பாக்ஸுக்குள் போகிற தண்டின் மேல் கிளட்ச் பிளேட் இருக்கிறது. பிரஷர் பிளேட் தன் ஸ்பிரிங்கின் பலத்தால் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். பெடலை மிதித்தால் அந்தப் பிடி விடும், காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். பிடிப்பதற்கு முன் இரண்டும் உரசிக்கொண்டு வழுக்கும் ஒரு நொடி, ஒன்றரை நொடி இருக்கிறதே, வண்டி நைசாகக் கிளம்புவதும் கிளம்பாததும் அங்கேதான் முடிவாகிறது. நகர்கிற பஸ்ஸில் ஏறுகிறவர் கூடவே நாலடி ஓடி, பஸ்ஸின் வேகத்துக்கு வந்தபின் படியில் கால் வைப்பார். நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடித்தால் தோள்பட்டை கழன்றுவிடும். காருக்குள்ளும் அந்த நாலடி ஓட்டம் வேண்டும். அதற்கு அவகாசம் கொடுப்பதுதான் இடது காலின் வேலை.

அதனால் முதல் வாரம் வலது காலுக்கு வேலை கிடையாது. மேடு பள்ளமில்லாத ஒரு மைதானம் போதும். சீட்டை முன்னால் இழுத்து, கிளட்சை அடிவரை மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும். கால் எட்டாமல் நுனியால் தள்ளுகிறவர் எத்தனை மாதம் பழகினாலும் மெதுவாக விட முடியாது. செருப்பு தட்டையாக, பின்னால் வார் வைத்ததாக இருக்கட்டும். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கிளட்சை மட்டும் விட வேண்டும்.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நன்றாக நினைவிருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெடல் பாதிவரை வந்தது, ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அரை விரற்கடை வந்ததும் எஞ்சின் சத்தம் ஒரு சுருதி கீழே இறங்கியது. ஸ்டீயரிங்கில் சின்ன அதிர்வு, ஆர்.பி.எம். முள்ளில் லேசான சரிவு.

"அங்கயே வைங்கம்மா. எடுக்காதீங்க, அமுக்கவும் வேண்டாங்க."

"கால் நடுங்குதே கண்ணு."

"நடுங்கட்டுங்கம்மா, குதிகாலைத் தரையில ஊனிக்கோங்க."

வண்டி சரளைக் கல்லை நொறுக்கிக்கொண்டு மெல்ல நகர்ந்தது. ஆக்சிலேட்டரில் காலே இல்லை. "தானாப் போகுதா!" என்றார் அம்மா. வண்டி உருள ஆரம்பித்த பிறகு மிச்சப் பெடலை விட்டபோது எந்தக் குலுக்கலும் இல்லை.

அந்த இடத்தைத்தான் டிரைவர்கள் கிளட்ச் பிடிக்கிற இடம் என்பார்கள். ஒவ்வொரு வண்டியிலும் அது வேறு உயரத்தில் இருக்கும். ஒரே வண்டியிலும் பிளேட் தேயத் தேய மாறும். அதனால் பெடலின் உயரத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. சத்தம் இறங்குவதையும் அதிர்வையும் பிடித்துக்கொண்டால் யார் வண்டியையும் எடுக்கலாம். இன்றைய வண்டிகளில் எஞ்சின் திணறுவதை உணர்ந்து கம்ப்யூட்டரே கொஞ்சம் காற்றும் பெட்ரோலும் கூட்டிக் கொடுப்பதால், சமதரையில் கிளட்சாலேயே வண்டியை நகர்த்த முடிகிறது. சின்ன பெட்ரோல் கார் ஒன்று ஃபர்ஸ்ட் கியரில் இப்படி மணிக்கு ஆறேழு கிலோமீட்டர் வேகத்தில் போகும். சிக்னலில் வண்டிகள் வரிசையாக ஊரும்போது இதுவே போதும்.

ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு. பழக்குகிற வண்டிகளில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் கிளட்சும் பிரேக்கும் இருக்கும். ஆபத்துக்கு உதவத்தான் அவை. ஆனால் பழகுபவர் தடுமாறும்போதெல்லாம் பக்கத்துக் கால் கிளட்சை மிதித்துச் சமாளித்துவிட்டால், அவர் கற்றுக்கொண்டது ஸ்டீயரிங் மட்டுமே. லைசென்ஸ் கைக்கு வந்துவிடும். சொந்த வண்டியை வீட்டு வாசலில் எடுக்கும்போது நாலு தடவை ஆஃப் ஆகும். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார். அதோடு சாவி ஆணியில் தொங்க ஆரம்பித்துவிடும். இப்படி லைசென்ஸை வைத்துக்கொண்டு பத்து வருடமாக ஓட்டாமல் இருக்கும் பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்குப் பயம் என்று ஊர் சொல்கிறது. கிளட்ச் பிடிக்கிற இடத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை என்பேன் நான்.

ஓடுகிற வண்டியில் கியர் மாற்றும்போதும் இதே கணக்குதான், எண்கள் மட்டும் வேறு. சின்ன கார்களில் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் சுமார் மூன்றரை, செகண்ட் சுமார் 1.9. ஃபர்ஸ்டில் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது செகண்டுக்கு மாற்றினால், அதே வேகத்துக்கு எஞ்சின் ஏறக்குறைய 1600 சுற்றுக்கு இறங்கியாக வேண்டும். மற்ற எந்த இரண்டு கியருக்கும் நடுவில் இவ்வளவு பெரிய இடைவெளி இல்லை. அதனால்தான் பழகுகிறவர்கள் ஃபர்ஸ்டிலிருந்து செகண்டுக்குப் போகும்போதே அதிகம் குலுக்குகிறார்கள். செகண்டில் போட்ட உடனே கிளட்சை விட்டால் இன்னும் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சின் வண்டியை முன்னால் தள்ளும். ரொம்ப நேரம் மிதித்து வைத்திருந்தால் எஞ்சின் 800க்கே விழுந்துவிடும், அப்புறம் விட்டால் பின்னால் இழுக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு தருணம் இருக்கிறது, அதைக் காது சொல்லும். கைக்கு அவசரம் கூடாது. கியர் லீவரை முஷ்டியால் பிடிக்காமல் உள்ளங்கையை வைத்து, நியூட்ரலில் ஒரு சின்ன மூச்சு நிறுத்தித் தள்ளினால் தானாக விழும்.

அது தானாக விழுவதற்கும் ஒரு காரணம் உண்டு. பழைய லாரிகளில் நியூட்ரலில் ஒரு முறை கிளட்சை விட்டு, எஞ்சினை ரேஸ் பண்ணி, மறுபடி மிதித்துத்தான் கியரைக் குறைக்க முடியும். டபுள் கிளட்ச் என்பார்கள். கொஞ்சம் பிசகினாலும் கியர் பாக்ஸ் கறகறவென்று கத்தும். பல் சேருமுன் இரண்டு கியரின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்துகிற சின்க்ரோமெஷ் என்ற பித்தளை வளைய ஏற்பாட்டை 1928இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் கொண்டுவந்தார்கள். இன்று நம் கார்களில் முன்னோக்கிப் போகும் எல்லாக் கியருக்கும் அது இருக்கிறது. ரிவர்ஸுக்குப் பெரும்பாலும் கிடையாது. வண்டி முழுக்க நிற்காமல் ரிவர்ஸ் போட்டால் கறுக்கென்று கேட்பது அதனால்தான்.

கியரைக் குறைப்பது கொஞ்சம் கஷ்டம். 40 கிலோமீட்டர் வேகத்தில் தேர்டில் எஞ்சின் 2000 சுற்றில் ஓடுகிறதென்றால், செகண்டுக்கு வந்தால் அது 2900ஐ ஒட்டி ஏற வேண்டும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அந்த 900 சுற்றையும் சக்கரமே இழுத்து ஏற்ற வேண்டியிருக்கும். வண்டி மூக்கைக் குத்தும். எனவே முதலில் பிரேக்கால் வேகத்தை 20க்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு செகண்ட் போட்டு, கிளட்ச் பிடிக்கிற இடத்தில் கொஞ்சம் தங்கி விடுங்கள். இது கைவந்த பிறகு, கிளட்ச் மிதிபட்டிருக்கும்போதே ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சினை ஏற்றிக்கொண்டு விடப் பழகலாம்.

கடைசியில் மலைக்கு. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி கல்லாறு வந்ததும் குன்னூர் ரோடு ஏற ஆரம்பிக்கும். 14 கொண்டை ஊசி வளைவு. கொல்லிமலையின் 70 வளைவோடு பார்த்தால் இது குறைவுதான், ஆனால் சுற்றுலா வண்டிகள் நின்று நின்று நகர்வதால் ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டு, ஃபர்ஸ்ட் போட்டு, எஞ்சினை 1500 சுற்றுக்கு மேல் ஏற்றி ஒரே சீராக வைத்துக்கொண்டு கிளட்சை விட வேண்டும். பிடிக்கிற இடம் வந்ததும் வண்டியின் பின்பக்கம் லேசாகக் குந்தும். குந்தியது தெரிந்த பிறகே ஹேண்ட் பிரேக்கை இறக்கலாம். ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாது.

இறங்கும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியர், பெரும்பாலும் செகண்ட். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. மிச்சமும் இல்லை. இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் நின்றேபோகும், சக்கரமே எஞ்சினைச் சுற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும். நியூட்ரலில் எஞ்சின் பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும். வண்டியின் மொத்தப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறிப் பிடி குறைந்தால் அடுத்த வளைவில் என்ன செய்வது? எஞ்சினையே ஆஃப் பண்ணி இறங்குவது அதைவிடக் கொடுமை. பிரேக்குக்குத் துணை செய்கிற வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து, பெடல் கல்லாகிவிடும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறையிலேயே இருக்கிறது. ஏற்றத்தில் நின்றவர் மறுபடி எடுக்க எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது ஒரு தடவை அங்கே நின்று எடுத்தவருக்குத் தெரியும்.

ஏற்றத்தில் பிரேக் போடாமல் பாதி மிதித்த கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிடுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ரப்பர் கருகியது மாதிரி நெடி வந்தால் உள்ளே பிளேட் எரிகிறது என்று அர்த்தம். ஓடும்போது கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே போவதும் இதே கேட்டைத்தான் செய்யும், கூடவே பிரஷர் பிளேட்டின் பிடியை விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கும் போகும். கிளட்ச் செட் மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். கூலி கணிசமாக ஆகும்.

இப்போதெல்லாம் "நான் ஏ.எம்.டி. வண்டி வாங்கிட்டேங்க்கா, கிளட்ச் எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். 2014இல் மாருதி செலரியோவில் வந்த பிறகு நம் ஊரில் பரவிய, தானாகக் கியர் மாறும் வகை அது. அதற்குள் இருப்பதும் இதே கியர் பாக்ஸும் கிளட்ச் பிளேட்டும்தான். கிளட்ச் மிதிக்கிற வேலையையும் கியர் மாற்றுகிற வேலையையும் ஒரு மெஷின் செய்கிறது. மேட்டில் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரால் வண்டியை நிறுத்தி வைத்தால் அதிலும் பிளேட் அதே மாதிரி எரியும். அதனால் அவர்களையும் முதலில் என் மேனுவல் வண்டியில்தான் உட்கார வைக்கிறேன்.