கண்ணில் பட்ட சுணை, அறுப்பு முடியும்வரை காத்திருக்காது

தை பிறந்தால் நெல் அறுப்பு, கரும்பு வெட்டு, சோளத்தட்டை அறுப்பு என்று வேலை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். அந்த நேரத்தில் கண்ணில் ஒரு சுணை பட்டால் யாரும் வேலையை நிறுத்துவதில்லை. தலைத்துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி கதிரைப் பிடிப்பார்கள். ராத்திரி கண் உறுத்தும், காலையில் சிவந்திருக்கும். ‘இன்னும் ரெண்டு நாள் அறுப்புதானே, முடிச்சுட்டுப் போய்க் காட்டலாம்’ என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வரும் பேச்சு. அந்த ரெண்டு நாளில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்த 434 பேரை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு முதலில் கண்ணில் ஏதோ ஒன்று பட்டுக் காயமாகியிருந்தது. சோதனையில் கிருமி இன்னதென்று தெரிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது பாக்டீரியா அல்ல, பூஞ்சை. அதே காலத்தில் எடுத்த இன்னொரு கணக்குப்படி, மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 11 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் எடுத்த கணக்கைவிட இது பத்து மடங்கு.

பூஞ்சை என்றால் விவசாயிக்குப் புதிதல்ல. வாழையில் வாடல் நோயைக் கொண்டுவரும் ஃபியூசேரியம், ஈரம் பட்ட நிலக்கடலையில் நஞ்சை உண்டாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஆகியவற்றின் பங்காளிகள்தான் கண்ணிலும் வந்து உட்காருகின்றன. மண்ணிலும் மட்கும் தழையிலும் இருக்கும் இவை, நல்ல கருவிழியை ஒன்றும் செய்ய முடியாது. மேல்தோலில் சிறு கீறல் வேண்டும். அந்தக் கீறலைத்தான் நெல் சுணை, கரும்புச் சோகை, கருவேல முள், பால் கறக்கும்போது சுழற்றி அடிக்கும் மாட்டு வால் எல்லாம் உண்டாக்கித் தருகின்றன. புண் ஆழமானால் கருவிழியில் வெள்ளையாக ஒரு தழும்பு நிற்கும். ஊரில் ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று சொல்வார்களே, அதில் ஒரு வகை இது. கண்புரை என்றால் அறுவை செய்து லென்ஸ் வைத்தால் பார்வை திரும்பும். பூ விழுந்த கண்ணுக்கு அவ்வளவு எளிதான வழி இல்லை.

பதினொரு படுக்கையில் தொடங்கியது

அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் எட்டயபுரத்துக்கு அருகே கரிசல் காட்டு ஊரான வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரசவ நேரத்தில் மருத்துவ உதவி கிடைக்காமல் உறவுப் பெண்கள் இறந்ததைப் பார்த்து, மகப்பேறு மருத்துவராக விரும்பினார். ராணுவத்தில் மருத்துவராக இருந்தபோது கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போயின. அதனால் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்றதும், 1976இல் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். உடன் நின்றவர்கள் தங்கை, மைத்துனர், தம்பி என்று குடும்பத்தார்தான். பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி, சேலம், திண்டுக்கல், தூத்துக்குடி என்று கிளைகள் பரவின. 2006இல் அவர் மறைந்தார்.

இது இலாப நோக்கில்லாத அறக்கட்டளை. ஆனால் நன்கொடையை நம்பி ஓடும் இலவச ஆஸ்பத்திரி என்று நினைத்தால் அது தவறு. வசதி உள்ளவர் கட்டணம் கட்டுகிறார், இல்லாதவர் இலவசப் பிரிவுக்குப் போகிறார். எந்தப் பக்கம் போவது என்று நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. அறுவைகளில் ஏறத்தாழ பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ நடக்கின்றன. கட்டணம் கட்டுகிறவர்களின் பணம் மற்றவர்களையும் தாங்குகிறது.

கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தவரை விலை எட்டாத உயரத்தில் இருந்தது. ஏழைகளுக்கு அறுவைக்குப் பிறகு கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடிதான், அது உடைந்தால் பழையபடி இருட்டு. 1992இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, அந்த லென்ஸைப் பல மடங்கு விலை குறைத்துச் செய்தார்கள். பூஞ்சைப் புண்ணுக்கு முதல் மருந்தான நேட்டமைசின் சொட்டு மருந்தும் அங்கே தயாராகிறது. இதைவிட விலை கூடிய வோரிகொனசோல் என்ற மருந்தோடு ஒப்பிட்டு, அரவிந்த் கிளைகளில் 323 நோயாளிகளிடம் சோதனை நடத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. பழைய நேட்டமைசின்தான் மேல் என்று தெரிந்தது, அதிலும் ஃபியூசேரியம் வகைக்கு நன்றாகவே.

முகாம் போதாது என்று தெரிந்தபோது

அரவிந்த் என்றால் கிராமங்களில் முதலில் நினைவுக்கு வருவது கண் சிகிச்சை முகாம். ஊர்ப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை முகாம் நடக்கும். அரிமா சங்கமோ ரோட்டரியோ கோயில் கமிட்டியோ செலவை ஏற்கும். புரை இருப்பவர்களை அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், அறுவை செய்து, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அறுவை இலவசம் என்றாலும் பஸ் காசும் சாப்பாட்டுச் செலவும் துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் ஏழையைத் தடுத்துவிடும் என்பதை அனுபவத்தில் கண்டபிறகு வந்த ஏற்பாடு இது.

அப்படியும் ஒரு ஓட்டை இருந்தது. 1990களின் கடைசியில் நடந்த ஆய்வில், கண் கோளாறு உள்ள பெரியவர்கள் நூறு பேரில் ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. புரையாவது அடுத்த முகாம்வரை காத்திருக்கும். செவ்வாய்க்கிழமை கண்ணில் சோகை கீறினால் ஞாயிற்றுக்கிழமை முகாமால் என்ன பயன்?

2004 முதல் தேனி மாவட்டத்தில் தொடங்கிப் பரவிய ‘விஷன் சென்டர்’ என்ற சிறு கண் மையங்கள் இந்த இடத்தில்தான் உதவுகின்றன. கடைவீதியில் ஒன்றிரண்டு அறை, கருவிழியைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி, பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பெண்கள், அவ்வளவுதான். அவர்கள் பரிசோதித்துப் படம் எடுத்து அனுப்ப, பெரிய மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் காணொளியில் நோயாளியோடு பேசுகிறார். சொட்டு மருந்தில் ஆறக்கூடியது அங்கேயே முடிகிறது. ஆழமான புண் என்றால் உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள். கட்டணம் சிறு தொகைதான். இப்போது இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகள், இரண்டு ஆண்டு பயிற்சி பெற்றவர்கள். ‘கண்ணு உறுத்துதாம்மா, என்னத்த ஊத்துனீங்க?’ என்று நம் பேச்சிலேயே கேட்க ஒருவர் இருப்பது சின்ன விஷயமில்லை. என்ன ஊற்றினோம் என்பதை வெள்ளைக் கோட்டு போட்டவரிடம் பலர் சொல்வதே இல்லை.

நாற்பத்தெட்டு மணி நேரம்

சீக்கிரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு மதுரை மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. சுமார் 48,000 பேர் வாழும் கிராமங்களில் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் அடிபட்டவர்களை உடனே பார்க்கச் செய்தார்கள். கருவிழியில் கீறல் இருந்த 374 பேருக்கு, காயம் பட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கி மூன்று நாள் களிம்பு போடப்பட்டது. ஒருவருக்கும் பூஞ்சைப் புண் வரவில்லை. 2006இல் வெளியான முடிவு இது. மூன்று நாள் களிம்பில் முடிந்திருக்கக்கூடிய காயம், விட்டுவிட்டால் மணிக்கொரு தடவை சொட்டு மருந்து, வாரக்கணக்கில் சிகிச்சை, வேலைக்குப் போக முடியாத ஒரு பருவம் என்று நீளும்.

கண்ணில் ஏதாவது பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ கண் மையத்துக்கோ போய்விட வேண்டும். பூச்சிமருந்தோ சுண்ணாம்போ தெறித்தால் கழுவும் நேரம்தான் கண்ணைக் காப்பாற்றும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவி, மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் கீறல் பட்ட கண்ணுக்கு வேண்டாம். நாக்கால் தூசி எடுப்பவரிடமும் போக வேண்டாம், வாயில் உள்ள கிருமி நேராகப் புண்ணுக்குள் போகும். இவை எல்லாவற்றையும்விட ஆபத்து, மருந்துக்கடையில் ‘கண் சிவப்புக்கு ஏதாவது கொடுங்க’ என்று வாங்கும் சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலியும் சிவப்பும் குறைந்து, குணமானதுபோல் தோன்றும். அடியில் பூஞ்சை தடையில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

வாசகர்கள் கேட்பவை

*கதிரடிக்கும்போது சாதாரண கண்ணாடி போட்டால் போதுமா?*

ஒன்றும் இல்லாததற்கு அது மேல். பக்கவாட்டையும் மூடும் பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடி இன்னும் நல்லது. வியர்வையில் மங்குகிறது என்று பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள். தூற்றும்போதும், இயந்திரத்தில் கதிர் கொடுக்கும்போதும், கரும்புக்குள் நுழையும்போதுமாவது போட்டுக்கொள்ளலாம்.

*எந்த அறிகுறி வந்தால் தாமதிக்கவே கூடாது?*

வெளிச்சம் பார்த்தால் கூசுவது, இமை திறக்க முடியாமல் நீர் வடிவது, பார்வை மங்குவது, கருவிழியில் வெண்புள்ளி தெரிவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். வெண்புள்ளி தெரிந்தால் சிறு மையத்தோடு நிறுத்தாமல் பெரிய மருத்துவமனைக்குப் போவது நல்லது.

*பூ விழுந்த கண்ணுக்கு வழியே இல்லையா?*

தானமாகக் கிடைத்த கருவிழியைப் பொருத்திச் சிலருக்குப் பார்வை கொண்டுவரலாம். மருந்துக்குக் கட்டுப்படாத புண்ணில் கண்ணைக் காப்பாற்றவும் சில நேரம் அதே அறுவை தேவைப்படும். இறந்தவரின் கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண் வங்கிக்குச் சொன்னால் அவர்களே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்திருந்தால் போதும். உயிரோடிருக்கும்போது எழுதிக் கொடுக்காதவரின் கண்ணையும் குடும்பத்தார் சம்மதித்தால் தானம் செய்யலாம். கண்ணாடி போட்டிருந்தவர், புரை அறுவை செய்துகொண்டவர், சர்க்கரை நோய் இருந்தவர் கண்ணையும் கொடுக்கலாம்.