சைக்கிளுக்குக் கடிவாளம்



குதிரையை விரட்டத் தெரிந்தவனைவிட அதை நிறுத்தத் தெரிந்தவனே நல்ல சவாரிக்காரன். சைக்கிளுக்கும் இது பொருந்தும். நான் வசிக்கும் கோட்டூர்புரத்தில், 2010-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு மாணவர் பலர் சைக்கிளில் வருவதைக் காண்கிறேன். மணி ஒலிக்கிறதா என்று பார்ப்பவர் உண்டு. பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பவர் சிலரே.

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 5 மீட்டர். எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண்டு நம் கை பிரேக்கைப் பற்றுவதற்குள் ஒரு வினாடி கழிந்தால், சைக்கிள் 5 மீட்டர் முன்னே சென்றிருக்கும். அதன் பின்னரே பிரேக்கின் வேலை தொடங்குகிறது. ஓட்டத்தின் சக்தியை, கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே எழும் உராய்வு வெப்பமாக மாற்றுகிறது. வேகம் இருமடங்கானால் இச்சக்தி நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு வேண்டிய தூரமும் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

நம் நாட்டுச் சைக்கிள்களில் இரண்டு வகைப் பிரேக்குகள் மிகுதி. ஒன்று, பழைய கறுப்புச் சைக்கிள்களில் காணும் கம்பி பிரேக். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை செய்தளித்த வண்டிகள் பலவற்றில் இதைக் காணலாம். அந்நிறுவனம் 1949-ல் தொடங்கப்பட்டது. மற்றொன்று, ரிம்மின் இரு பக்கங்களையும் கவ்வும் வயர் பிரேக்.

இவற்றைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும், ஒரு பழந்துணியும், சிறிது பொறுமையும் போதும். முதலில் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். அது ஆடாமல் நடுவே சுழலவேண்டும்; சக்கரம் கோணலாக இருந்தால் எந்தப் பிரேக்கும் ஒழுங்காகப் பிடிக்காது. அடுத்து, கட்டைகளைப் பாருங்கள். அவற்றின் பள்ளக் கோடுகள் மறையுமளவு தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கட்டை ரிம்மில் மட்டுமே படவேண்டும். டயரில் உரசினால் டயர் அறுபடும். கட்டையைப் பிடித்திருக்கும் தகட்டின் மூடிய முனை, சக்கரம் சுழலும் திசையை நோக்கியிருக்கட்டும். இல்லையேல் கட்டை நழுவி வெளியே விழக்கூடும்.

கட்டைக்கும் ரிம்முக்கும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நல்லது. வயர் பிரேக்கில், வயரின் உறை முடியும் இடத்தில் ஒரு சிறு திருகு உண்டு. அதை வெளியே வருமாறு திருகினால் இடைவெளி குறையும். அது போதாதாயின், வயரைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, வயரைச் சிறிது இழுத்து, மீண்டும் நன்கு இறுக்குங்கள். கம்பி பிரேக்கில், கம்பிகள் சேருமிடத்துத் திருகைத் தளர்த்தி இவ்வாறே செய்யலாம். வயரில் ஓர் இழை அறுந்திருந்தாலும் புது வயர் போடுவதே அறிவுடைமை.

முடித்ததும் உடனே ஏறிவிடாதீர்கள். பிடியை இறுக அழுத்துங்கள். அது ஹேண்டில்பாரைத் தொடலாகாது. விட்டால் சக்கரம் தடையின்றிச் சுழலவேண்டும். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவாறே ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியே சோதியுங்கள்.

ரிம்மில் எண்ணெய் படவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ரிம் நனைந்தால் கட்டை முதலில் நீரைத் துடைத்த பிறகே பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே மெல்ல அழுத்தி, வேகத்தைக் குறைத்துச் செல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்வதால் முன்பிரேக்கே வலியது; ஆனால் அதை மட்டும் திடீரென்று இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். இரண்டையும் சேர்த்தே பிடியுங்கள்.

வாரத்திற்கு ஒருமுறை பத்து நிமிடம் இதற்கென ஒதுக்குங்கள். அதனால் காக்கப்படுவது உங்கள் உயிர் மட்டுமன்று. தெருவில் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தையின் உயிருமாகும்.