குழம்புக்கு ஒரு கறிவேப்பிலை, புழுவுக்கு ஒன்று

வீட்டு முன்புறம் வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் வாங்குவது பூச்செடிகளைத்தான். பூ மலர்ந்தால் அவை வரும், தேன் குடிக்கும், போய்விடும். தங்குவதில்லை. பெண் வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடுவது பூவை அல்ல, தன் குஞ்சுப் புழு தின்னக்கூடிய இலையை. ஒவ்வோர் இனத்துக்கும் சில செடிகள் மட்டுமே ஆகும். அந்தச் செடி இல்லாத வீட்டில் எத்தனை பூ இருந்தாலும் அவை வெறும் விருந்தாளிகளே.

குருபோங், செங், டுரியான் துங்கல் வட்டாரத்துத் தமிழர் வீடுகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. வேண்டிய செடி ஏற்கெனவே கொல்லையில் நிற்கிறது. கறிவேப்பிலையும் லிமாவ் கஸ்தூரியும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. கறுப்புச் சிறகில் வெள்ளைப் பட்டை கொண்ட இன்னோர் இனமும் இதே செடிகளில்தான் முட்டையிடும். இளம் புழு பார்ப்பதற்குப் பறவை எச்சம் போலவே இருக்கும். பறவைகளை ஏமாற்ற அது போடும் வேடம் அது. நான்காவது முறை தோலுரித்ததும் பச்சை நிறமாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கொம்பு போன்ற சிவந்த உறுப்பை நீட்டி, ஒரு வாடையை வீசும். பயப்பட ஒன்றுமில்லை. இது கடிக்காது. கம்பளிப்புழுவைப் போல அரிப்பு உண்டாக்கும் உரோமமும் இதற்கு இல்லை.

இந்தப் புழுவைக் கண்டதும் பூச்சிமருந்துப் புட்டியைத் தேடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த இலை மறுநாள் குழம்பில் விழும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மருந்தைவிட எளிய வழி, இரண்டு செடி வைப்பது. ஒன்று சமையலுக்கு, மற்றது புழுவுக்கு. சமையல் செடியில் புழு தென்பட்டால் அது இருக்கும் இலையோடு கிள்ளி மற்றச் செடியில் விட்டுவிடலாம். சின்னத் தொட்டிச் செடியை நான்கைந்து புழுக்கள் சில நாளில் மொட்டையாக்கிவிடும் என்பது உண்மைதான். ஆனால், வேரும் தண்டும் நன்றாக இருந்தால் அது மறுபடி துளிர்க்கும்.

முட்டை பொரிய ஏறக்குறைய மூன்று நாள். புழுவாக இரண்டு வாரம். பிறகு ஒரு குச்சியிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாக ஒரு வாரம், பத்து நாள். ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக் குறிப்பெழுத இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. பெருநாளுக்குச் சுவரைச் சுரண்டிச் சாயம் பூசும்போது அந்தக் கூட்டைக் கொஞ்சம் கவனித்தால் போதும்.

கோயில் வளாகத்தில் பிள்ளையாருக்காக வளர்க்கும் எருக்கும் இதே வகையில் பயன்படும். செம்மஞ்சள் சிறகும் கறுப்பு ஓரமும் கொண்ட ஓர் இனம் அதில் முட்டையிடும். எருக்கம்பாலின் நஞ்சு புழுவின் உடலில் தங்கிவிடுவதால் பறவைகள் அதை ஒதுக்குகின்றன. அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே சிறு பிள்ளைகள் எட்டும் இடத்தில் எருக்கு வேண்டாம்.

நட வேண்டியவை ஒருபுறம், பிடுங்காமல் விட வேண்டியவை மறுபுறம். வேலியோரம் படரும் லெத்துப்-லெத்துப் கொடியைத் தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் தெரியும். வலைக்குள் இருக்கும் அதன் சிறு பழத்தைத் தின்னாத பிள்ளைகள் குறைவு. அதன் இலையைத் தின்று வளரும் டோனி கோஸ்டர் என்ற வண்ணத்துப்பூச்சி இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தது. தாய்லாந்து வழியாகத் தீபகற்பத்துக்குள் இறங்கி, 2006இல் சிங்கப்பூரிலும் 2012இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையிலும் தென்பட்டது. கப்பல் டிக்கெட் இல்லாமல் நம் முன்னோர் வந்த திசையிலேயே வந்திருக்கிறது! ரும்புட் இஸ்ராயேல் என்று திட்டிக்கொண்டே நாம் மருந்தடிக்கும் களையும் சில இனங்களின் புழுவுக்குச் சோறு. வேலியோரம் ஒரு முழம் அதை விட்டுவைத்தால் நட்டம் எதுவுமில்லை.

செம்பனைத் தோட்டப் பாதையோரங்களில் காலையில் மலர்ந்து நண்பகலில் மூடிக்கொள்ளும் வெள்ளைப் பூச்செடியைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக வைத்ததல்ல. செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் புழுவைக் கொல்லும் சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கவே நிர்வாகங்கள் அதை நடுகின்றன. உலாட் புங்குஸ் அந்துப்பூச்சி இனம். வீட்டுக் கறிவேப்பிலைப் புழுவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எல்லாச் செடியும் நன்மை செய்யாது. பெரிய சிறகுள்ள பேர்ட்விங் இனங்களுக்கு ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகள்தான் உணவு. அதே குடும்பத்தில் அழகுக்காக விற்கப்படும் தென்னமெரிக்கக் கொடி ஒன்று, புகைக்குழாய் வடிவில் பூ பூப்பது, தாயை ஏமாற்றி முட்டையிட வைக்கும். அதைத் தின்ற புழுக்கள் செத்துவிடும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ரிச்மண்ட் பேர்ட்விங் இனத்துக்கு இந்தக் கொடி பெரும் கேடு செய்தது. கொடி வாங்கும்போது உள்நாட்டு இனமா என்று கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் அதைக் கைமருந்தாக மட்டும் பயன்படுத்தாதீர்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு அதில் உண்டு.

தேனுக்கு இட்லிப்பூவும் சீமை நாயுருவியும் போதும். காலை வெயில் படும் இடமாக இருக்கட்டும். நர்சரிச் செடியில் ஏற்கெனவே மருந்து இருக்கலாம் என்பதால் புதிய இலை வரும்வரை சில வாரம் தனியே வையுங்கள். வண்ணத்துப்பூச்சிகள் ஈர மண்ணில் உப்புச் சத்தை உறிஞ்சும். அதற்கு ஒரு தட்டில் நனைந்த மணல் வைத்தால் போதும், தண்ணீர் தேங்கக் கூடாது. ஏடிஸ் கொசு வளர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டுக்காரருக்கு அபராதம் வரும். டிங்கிப் புகை அடிக்கும் நாளில் புழு இருக்கும் தொட்டிகளை வீட்டுக்குள் எடுத்துவைத்து, ஓரிரு நாள் கழித்து வெளியே வைக்கலாம்.

இயற்கையாளர் வாலஸ் 1854இல் மலாக்காவில் தங்கி, ஆயர் பானாஸ், குனோங் லேடாங் பக்கமெல்லாம் பூச்சிகளைச் சேகரித்தார். மறுவருடம் சரவாக்கில் அவர் பெயரிட்ட ராஜா புரூக், இன்று நாட்டின் தேசிய வண்ணத்துப்பூச்சி. அது தாமான் வீட்டுக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். காட்டைவிட்டு அது அதிகம் வராது. பேர்ட்விங் இனங்களை அருகில் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை ஆயர் குரோ வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நாளைக் காலை கறிவேப்பிலை பறிக்கும்போது இளந்தளிரில் ஊசித்தலை அளவில் வெளிர்மஞ்சள் மணி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.