பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளும் அதற்குச் சாட்சி சொல்பவரும்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை இன்ஜினியரிங் முடித்தவுடன் உறவினர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி?" என்பதே. சாஃப்ட்வேர் வேலை என்றால் ஏ.சி. போட்ட பெரிய கட்டடம், கழுத்தில் அடையாள அட்டை, பிறகு வெளிநாடு என்று பெற்றோராகிய நாம் பழகிப்போனோம். கம்பெனியின் பெயர் எதுவும் இல்லாமல், வீட்டில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு ஆஸிலோஸ்கோப், சில சர்க்யூட் பலகைகள் ஆகியவற்றை வைத்துக்கொண்டு ஆயுள் முழுவதும் கண்ணியமாகப் பிழைக்கக்கூடிய மென்பொருள் தொழில் ஒன்று உண்டென்பதை நம்மில் அநேகர் அறியோம். எம்பெடட் மென்பொருள் ஆலோசகரின் தொழில் அது.

கம்ப்யூட்டர் என்று நாம் அழைக்காத பொருள்களுக்குள் ஒளிந்திருக்கும் சிறு கம்ப்யூட்டர்களுக்கு நிரல் எழுதுவதே எம்பெடட் வேலை. வாஷிங் மெஷின், லிஃப்ட், மின்சார மீட்டர், ஆஸ்பத்திரியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப், காரின் என்ஜின் எல்லாவற்றிலும் அது உண்டு. இவற்றில் சிலவற்றுக்கு 'ரியல் டைம்' என்னும் கூடுதல் நிபந்தனையும் உண்டு. அங்கே சரியான விடை தாமதமாக வந்தால் அது தவறான விடையே. வங்கிக் கணக்கில் ஏற்பட்ட பிழையை மறுநாள் திருத்திவிடலாம். மோதிய காரின் ஏர்பேக் ஒரு வினாடி கழித்து விரிந்தால் அதைத் திருத்துவதற்கு மறுநாள் இல்லை.

இத்தொழில் நமக்கு அந்நியமானதன்று. கொலாபாவிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய டிஃப்ராக் கம்ப்யூட்டரை உருவாக்கிய குழுவின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர்.நரசிம்மன். செம்பூருக்கு அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் மின்னணுவியல் பொறியாளர்கள் 1969-இல் டி.டி.சி.-12 என்ற 12 பிட் கம்ப்யூட்டரைச் செய்து முடித்தார்கள். 'டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர்' என்பதே அப்பெயரின் விரிவு. பின்னர் அது ஹைதராபாத்திலுள்ள ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டது. நம் பகுதியின் பெயரை ஒரு கம்ப்யூட்டர் சுமந்துகொண்டிருந்தது என்பதை இங்கேயே பிறந்து வளர்ந்த வாலிபர்களும் அறியாதிருப்பது வியப்புதான்.

ஆனால் எம்பெடட் கருவி என்றால் என்னவென்று சாதாரணத் தமிழ்க் குடும்பத்துக்கு விளக்க ஓட்டுப் பெட்டியைவிட நல்ல உதாரணம் கிடையாது. எழுத்தாளர் சுஜாதாவை அறியாத தமிழ் வீடு குறைவு. எஸ்.ரங்கராஜன் என்ற இயற்பெயருடைய அவர் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்திலும் உற்பத்தியிலும் முக்கியப் பங்கு வகித்தவர். இயந்திரத்தின் வெளித்தோற்றத்தை வடிவமைத்தவர்கள் நம் பவாய் ஐ.ஐ.டி.யின் தொழில்துறை வடிவமைப்பு மையத்துப் பேராசிரியர்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் நிரல் பெரியதன்று. பட்டனை அழுத்தினால் ஓர் எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும், அவ்வளவே. அருமை எங்கே இருக்கிறதென்றால், மின்சாரம் இல்லாத கிராமத்தில் பேட்டரியில் ஓட வேண்டும். எழுத்தறியாதவரும் தடுமாறாமல் பயன்படுத்த வேண்டும். சிப்பில் ஒருமுறை பதித்த நிரலை மறுபடி மாற்ற முடியாது. செல்போனில் வருவதுபோல அடுத்த மாதம் 'அப்டேட்' அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கே அங்கே இடமில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு நிமிடத்தில் ஐந்து ஓட்டுகளுக்கு மேல் பதிவாகாதபடி நிரல் எழுதப்பட்டது. குண்டர்கள் வாக்குச்சாவடியைக் கைப்பற்றினாலும் அரைமணி நேரத்தில் 150 ஓட்டுகளுக்கு மேல் போட இயலாது; காகிதச் சீட்டாக இருந்தால் அதற்குள் ஆயிரம் முத்திரை விழுந்திருக்கும். ரியல் டைம் என்பது வேகம் என்று அநேகர் தவறாக நினைக்கிறார்கள். குறித்த நேரத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை என்பதே அதன் பொருள். வேண்டுமென்றே மெதுவாகச் செல்வதும் அதில் அடங்கும்.

1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இந்த இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில்தான் நாடு முழுவதும் எல்லாத் தொகுதிகளுக்கும் அது வந்தது. பரவூரிலிருந்து அங்கே வந்து சேர 22 ஆண்டுகள். எம்பெடட் துறையில் காலம் இப்படித்தான் நீளுகிறது. அதனால்தான், மற்ற மென்பொருள் துறைகளில் நாற்பது வயதைக் கடந்தவரைப் பழையவர் என்று ஒதுக்கும்போது, இங்கே ஐம்பது, அறுபது வயதுக்காரரைத் தேடி வருகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நிரல் இன்னும் ஒரு தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். அதை எழுதியவர் எங்கோ போய்விட்டிருப்பார்.

ஆலோசகரின் வேலை பெரும்பாலும் தொடங்குவது ஒரு புலம்பலில்தான்: "சார், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது, மூன்று நாளைக்கு ஒருமுறை மட்டும் நின்றுவிடுகிறது." எப்போதும் நிற்கும் இயந்திரத்தைச் சரிசெய்வது எளிது. எப்போதாவது நிற்பதுதான் மனிதனைச் சோதிக்கும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று செவ்வாய்க் கிரகத்தில் நடந்தது. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அங்கே இறங்கியது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி மறுபடி தொடக்க நிலைக்குத் திரும்பியது. காரணத்தை நம் சால் வீட்டுக் கதையாகச் சொல்லலாம். பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே குளியலறை, ஒரே சாவி. சாவி ஒரு சிறுவன் கையில் இருக்கிறது. அவசரமாக வேலைக்குப் போகவேண்டிய பெரியவர் வாசலில் காத்திருக்கிறார். சாவியைக் கொடுக்க ஓடிவரும் சிறுவனைப் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திவைத்து ஓயாமல் பேசுகிறார். பெரியவரைவிட அவசரம் குறைந்த ஒருவரால் பெரியவருக்கு வேலை கெடுகிறது. விண்கலத்தில் சிறுவன் வானிலைத் தகவல் சேகரிக்கும் பணி. பெரியவர் தகவல் பாதையை நிர்வகிக்கும் பணி. அது குறித்த நேரத்தில் முடியாததால் காவல் பொறிமுறை கம்ப்யூட்டரையே மறுபடி தொடங்கச் செய்தது. பூமியில் வைத்திருந்த நகல் இயந்திரத்தில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, "பெரியவர் காத்திருக்கும்வரை சிறுவனை யாரும் நிறுத்தக்கூடாது" என்ற பொருள்படும் சிறு மாற்றத்தைப் பொறியாளர்கள் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். அதன்பின் கோளாறு தீர்ந்தது.

கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்டதைச் சொல்வது மீதிப் பாதி. ஊழியருக்கு மேலதிகாரி உண்டு, பதவி உயர்வு உண்டு. ஆகவே "இந்தக் கருவி விற்பனைக்குத் தயாராக இல்லை" என்று சொல்ல நாவு எழாது. வெளியிலிருந்து வரும் ஆலோசகருக்குக் கூலி கொடுப்பதே அந்த வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன்.

அமெரிக்காவில் மைக்கேல் பார் என்ற எம்பெடட் ஆலோசகர் இத்துறைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகவும் இருந்தவர். 2007-இல் ஓக்லஹோமா மாநிலத்தில் 2005-ஆம் ஆண்டு மாடல் டொயோட்டா காம்ரி கார் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்து மோதியதாக வழக்கு. ஒரு பெண் இறந்தார், ஓட்டிய பெண் பலத்த காயமடைந்தார். நாசா பொறியாளர்களின் உதவியோடு அரசு நடத்திய ஆய்வு, மின்னணுக் கோளாறுக்கு ஆதாரமில்லை என்று 2011-இல் முடிவு சொல்லியிருந்தது. பாரும் அவர் குழுவினரும் காவலுள்ள ஓர் அறையில் பல மாதங்கள் அமர்ந்து அந்தக் காரின் நிரலை வரிவரியாகப் படித்தார்கள். என்ஜினின் முக்கியப் பணி ஒன்று நினைவகத்தில் ஏற்படும் ஒரு சிறு பிழையால் நின்றுபோகக்கூடும், நின்றதைக் காவல் பொறிமுறை கவனிக்கத் தவறக்கூடும் என்று 2013 அக்டோபரில் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். நடுவர் குழு 30 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதன்பின் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நிறுவனம் தன் மென்பொருளில் குறையில்லை என்றே வாதிட்டது. பார் ஒரு தரப்பு கூலி கொடுத்து அழைத்த சாட்சி என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் மூடியிருந்த பெட்டியைத் திறந்து வெளியார் ஒருவர் படித்துப் பார்க்க நேர்ந்ததே பெரிய காரியம்.

அதே 2013 அக்டோபரில்தான் நம் உச்ச நீதிமன்றமும் ஓட்டுப் பெட்டியோடு காகித ரசீது காட்டும் விவிபாட் கருவியைப் படிப்படியாக இணைக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. இரண்டு தேசங்களிலும் எழுந்த கேள்வி ஒன்றே: பெட்டி தன்னைக்குறித்துத் தானே சொல்லும் சாட்சி போதுமா?

இத்தொழிலில் இறங்க விரும்பும் வாலிபர்கள் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு மாதம் கை நிறைய வரும். மூன்று மாதம் தொலைபேசி ஒலிக்காது. பாக்கித் தொகையை வசூலிக்க நடக்க வேண்டும். ஆண்டு வருமானம் 20 லட்சத்தைக் கடந்தால் ஜி.எஸ்.டி. பதிவு அவசியம். செய்யும் நிரல் யாருக்குச் சொந்தம், கருவியால் சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்காமல் வேலையைத் தொடங்கலாகாது. முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஒரு நிறுவனத்தில் இருந்து கருவிகள் கெட்டுப்போவதைக் கண்ணால் கண்டவரே ஆலோசகராக நிலைக்கிறார்கள். எடுத்தவுடன் ஆலோசகர் ஆவேன் என்னும் பிள்ளையைப் பெற்றோர் தடுப்பது நியாயமே.

படிக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி இரண்டும் நம் வாசலிலேயே உள்ளன. 'சி' மொழியும் சர்க்யூட் படிக்கும் பழக்கமும் அடிப்படை. லாமிங்டன் ரோடு கடைகளில் பயிற்சிப் பலகை ஒன்றை வாங்கி, ஒரு எல்.ஈ.டி. விளக்கை வினாடிக்கு ஒருமுறை மினுக்கச் செய்யட்டும். பிறகு நிரலை வேண்டுமென்றே முடிவில்லாமல் சுற்றவிட்டு, விளக்கு உறைந்து நிற்பதைப் பார்க்கட்டும். அடுத்து அதே பலகையின் வாட்ச்டாக் டைமரை இயக்கி மறுபடியும் கெடுக்கட்டும். சில நொடிகளில், எவர் கையும் படாமல், விளக்கு தானாக மறுபடி மினுக்கத் தொடங்கும்.