விகடகவியும் 247 எண்களும்

‘விகடகவி’யை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் விகடகவிதான். கணினியிடம் கேட்டால் மட்டும் ‘இல்லை’ என்று பதில் வரும். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டுப் பழையதோடு ஒத்துப் பார்ப்பது, நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே செய்யும் பயிற்சி. பைத்தான் மொழியில் அதற்கு ஒரு வரி போதும். அதில் விகடகவியைக் கொடுத்தால், திரையில் முதலில் ஒரு புள்ளி வட்டம், அதன்மேல் அநாதையாக ஒரு மேல்விலங்கு, பிறகு ‘வகடகிவ’ என்று வந்து நிற்கும்.

யூனிகோடு ‘வி’யை ஓர் எழுத்தாகச் சேமிப்பதில்லை என்பதுதான் காரணம். ‘வ’வுக்கு ஓர் எண், மேல்விலங்குக்கு இன்னோர் எண். ஆகவே நமக்கு ஐந்தெழுத்தாக இருக்கும் விகடகவி, கணினிக்கு ஏழு எண்களின் வரிசை. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. மேல்விலங்கையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிவிடுகின்றன. அதையே யூடிஎஃப்-8 முறையில் கோப்பில் எழுதினால் 15 பைட்டுகள். ஸ்விஃப்ட் மொழியோ 3 என்று சரியாகச் சொல்கிறது.

திருத்தம் எளிது. சொல்லை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். வருவது புள்ளியோ உயிர்க்குறியோ என்றால் முந்தைய எழுத்தோடு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் புதிய எழுத்தைத் தொடங்க வேண்டும். இந்தக் குறிகளின் யூனிகோடு எண்கள் 3006 முதல் 3021 வரைக்குள் அடங்குவதால் சோதனையும் சிறியது. பத்து வரிக்குள் முடிந்துவிடும் இந்த வேலைக்கு ‘ஓப்பன்-தமிழ்’ என்ற திறமூல நிரலகமும் உண்டு. இப்படிப் பிரித்த பிறகு எழுத்துகளின் பட்டியலைத் திருப்பினால் விகடகவி தேறிவிடும். இருபுறமிருந்தும் ஒன்றுபோலவே படிக்கும் பாடல்களைக் கொண்ட திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகத்தையும், சொல் இடைவெளிகளை நீக்கிவிட்டு, இதே நிரலில் சோதித்துப் பார்க்கலாம்.

பிரிப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்றும் உண்டு. ‘கொ’வை இரண்டு விதமாகத் தட்டச்சு செய்ய முடியும்: க-வுடன் ஒகரக் குறியை ஒரே எண்ணாகச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்துப் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு சொற்கள். தேடல் பெட்டியில் ‘கொடி’ கிடைக்காமல் போவதற்கு இது போதும். யூனிகோடின் என்எஃப்சி ஒழுங்காக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌரி’ என்பதற்குப் பதில் ளகரத்தைப் போட்டு ‘கெளரி’ என்று அடித்திருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே இருப்பது உண்மையாகவே ளகரம்! சொற்பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் திருத்த வேண்டும்.

பெரிய சிக்கல் அகரவரிசையில். ஐஸ்கி என்ற இந்தியத் தரம், இந்திய எழுத்துமுறைகள் எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் அடுக்கியது. யூனிகோடு அந்த அடுக்கைப் பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால் 18 மெய்களில் கடைசியாக வரவேண்டிய னகரம், நகரத்தை ஒட்டி 2985ஆம் எண்ணில் உட்கார்ந்திருக்கிறது, பகரம் 2986. எண்படி அடுக்கினால் ‘அப்பா’வுக்கு முன்னால் ‘அன்பு’ வந்துவிடும். புள்ளியின் எண் 3021, உகரக் குறியின் எண் 3009. எனவே ‘அம்மா’வுக்கு முன்னால் ‘அமுது’ வரும். அகராதியில் இரண்டுமே தலைகீழ்.

இதற்கு வழி நம் எழுத்துக் கணக்கிலேயே இருக்கிறது. உயிர் 12, ஆய்தம் ஒன்று. ஆக 1 முதல் 13 வரை. பிறகு ஒவ்வொரு மெய்க்கும் 13 இடங்கள்: புள்ளியுடன் ஒன்று, உயிரேறிய வடிவங்கள் பன்னிரண்டு. மெய்யின் வரிசை எண்ணை 13ஆல் பெருக்கி 1 கூட்டினால் மெய்யெழுத்தின் எண். அதனோடு உயிரின் வரிசை எண்ணைக் கூட்டினால் உயிர்மெய்யின் எண். க் 14, கௌ 26, கடைசி எழுத்தான னௌ மிகச் சரியாக 247. அப்பா 1, 118, 120 ஆகிறது. அன்பு 1, 235, 123. அம்மா 1, 131, 133. அமுது 1, 136, 97. இரண்டாம் எண்ணைப் பார்த்தாலே அப்பாவும் அம்மாவும் முந்துவது தெரியும்.

இந்த எண்களை எப்போது கணக்கிடுவது என்பதில்தான் வேகம். கலைந்து கிடக்கும் ஒரு லட்சம் சொற்களை அடுக்க ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் தேவை. ஒவ்வொரு ஒப்பீட்டிலும் இரு சொற்களையும் புதிதாகப் பிரித்தால் 34 லட்சம் முறை பிரிக்க நேரும். ஒருமுறை பிரித்து எண்களைச் சொல்லோடு வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் முறையோடு தீர்ந்தது. டிம் பீட்டர்ஸ் 2002இல் பைத்தானுக்காக உருவாக்கிய டிம்சார்ட் முறையில், அடுக்கும் திறவுகோலைத் தனியே கொடுத்தால் அந்த மொழியே இப்படித்தான் செய்துகொள்கிறது.

கிரந்த எழுத்துகளை 248இலிருந்து தொடரலாம். ‘க்ஷ’ கொஞ்சம் தகராறு செய்யும்: மேலே சொன்ன பிரிப்பு நிரல் அதை க் என்றும் ஷ என்றும் இரண்டாக்குவதால் ‘பக்ஷி’ பகரத்தில் ‘பக்கம்’, ‘பக்தி’ வரிசைக்குப் பின்னால் போய் நிற்கும். அதை ஒரே எழுத்தாக வைக்க விரும்பினால், பிரிக்கும்போதே க், ஷ இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் விதியொன்றைக் கூடுதலாக எழுத வேண்டும்.