ஓய்வு நாளை நம்பி ஓடிய ரயில்கள்

2022 ஆகஸ்ட் 14 முதல், லண்டன் யூஸ்டன் நிலையத்துக்கும் மான்செஸ்டருக்கும் இடையே மணிக்கு மூன்று முறை ஓடிக்கொண்டிருந்த ரயில் மணிக்கு ஒரு முறை என்று குறைந்தது. அந்தத் தடத்தில் ரயில் நடத்தும் அவந்தி வெஸ்ட் கோஸ்ட் நிறுவனம் முன்பதிவையும் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. தண்டவாளத்தில் கோளாறு இல்லை, பெட்டிகளுக்குப் பஞ்சம் இல்லை. ஓட்டத்தான் ஆள் இல்லை. நோய் விடுப்பு கூடிவிட்டது என்றும், ஓட்டுநர்கள் முறைப்படி அறிவிக்காமலே வேலைநிறுத்தம் செய்கிறார்கள் என்றும் நிறுவனம் குற்றம்சாட்டியது. ஓட்டுநர் சங்கமான ஆஸ்லெஃப் அதை அடியோடு மறுத்தது. தங்கள் உறுப்பினர்கள் போட்ட டியூட்டிக்கு வருகிறார்கள், வார ஓய்வு நாளில் ஓவர்டைம் பார்க்க மட்டும் முன்வரவில்லை என்பது சங்கத்தின் பதில். இதில் யார் சொன்னது சரி என்ற சண்டை வாரக்கணக்கில் நடந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. ஊழியர்கள் தங்கள் ஓய்வு நாளில் வீட்டில் இருந்தார்கள், அதனால் ஒரு நாட்டின் தலையாய ரயில் தடம் முடங்கியது. அப்படியென்றால் அச்சிட்டுக் கொடுத்த கால அட்டவணையில் இருந்த ரயில்கள் அத்தனையையும் ஓட்டுவதற்கு வேண்டிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் எப்போதுமே இருந்ததில்லை.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. பிரிட்டனில் பெரும்பாலான ரயில் ஓட்டுநர்களுக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 35 மணி நேரம், நான்கு நாள் வேலை. மீதி நாட்களில் ஒன்றை விட்டுக்கொடுத்து வேலைக்கு வந்தால் கூடுதல் பணம். பல நிறுவனங்களில் ஞாயிற்றுக்கிழமை வேலை வாரக் கணக்கிலேயே சேராது. அன்றைக்கு ஓடும் ரயில்கள் எல்லாம் விருப்பப்பட்டு வருகிறவர்களால் ஓடுபவை. நிர்வாகத்தின் கண்ணில் இதில் லாபம் இருக்கிறது. புதிதாக ஒருவரை எடுத்தால் ஒரு வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்துப் பயிற்சி அளிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அவரால் ஒரு ரயிலும் ஓடாது. பிறகு ஓய்வூதியம், விடுப்பு, காப்பீடு எல்லாம் உண்டு. பயிற்சி முடிந்த கையோடு வேறு நிறுவனம் அவரைக் கொத்திக்கொண்டு போய்விடவும் கூடும். ஏற்கெனவே இருப்பவரை ஒரு நாள் கூடுதலாக வரச் சொன்னால் அந்த நாள் கூலியோடு முடிந்தது. மாதச் சம்பளம் போதாத வீடு கைமாற்று வாங்கிக் காலம் தள்ளுவதைப் போல ரயில் நிறுவனங்கள் வருடக்கணக்கில் ஓட்டின. கொடுப்பவர் முகம் சுளிக்காத வரை அது தெரியவே தெரியாது.

ஆட்கள் போதாதென்று தெரிந்தவுடன் ஆட்களை எடுத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். ரயில் ஓட்டும் வேலையின் இயல்பு அதற்கு இடம் தருவதில்லை. ஓட்டுநருக்கு இரண்டு விதமான அறிவு வேண்டும். ஒன்று வண்டியைப் பற்றியது: இந்த வகை ரயிலின் பிரேக் எப்படிப் பிடிக்கும், பழுதானால் எந்த விசையைத் திருப்ப வேண்டும் என்பது. மற்றது தடத்தைப் பற்றியது: எந்த இடத்தில் இறக்கம் தொடங்குகிறது, எந்த வளைவுக்குப் பின்னால் சிக்னல் ஒளிந்திருக்கிறது, இலையுதிர் காலத்தில் ஈர இலை படிந்து சக்கரம் வழுக்கும்போது எவ்வளவு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும், பனி மூடிய இரவில் நடைமேடை எங்கே வரும் என்பதெல்லாம். இரண்டையும் கற்று, தேர்ச்சி பெற்று, அந்தத் தடம் தனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே அவர் தனியாக ஓட்டலாம். ஒரு தடத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கூடப் பக்கத்துத் தடத்துக்கு உடனே போய் நிற்க முடியாது. மேலும், ஒருவரின் ஒரு நாள் டியூட்டி ஒரு ரயில் அல்ல. காலையில் ஒரு ஊருக்குப் போய், அங்கிருந்து வேறொரு ரயிலில் திரும்பி, மதியம் இன்னொன்று என்று சங்கிலியாகக் கோத்திருப்பார்கள். ஒருவர் வராவிட்டால் மூன்று ரயில்கள் நிற்கும்.

இந்தப் பின்னணியில் ட்ரான்ஸ்பெனைன் எக்ஸ்பிரஸ் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். மான்செஸ்டர், லீட்ஸ், யார்க், நியூகாசில் என்று வட இங்கிலாந்தின் நகரங்களை இணைக்கும் நிறுவனம் அது. சில ஆண்டுகளுக்குள் மூன்று வகைப் புதிய ரயில்களை ஒன்றன்பின் ஒன்றாக இறக்கியது. ஒவ்வொரு வகைக்கும் ஓட்டுநர்கள் தனித்தனியாகப் பயிற்சி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கொரோனா வந்தது. ஓட்டுநர் அறையில் பயிற்சியாளரும் பயில்பவரும் நெருங்கி உட்கார முடியாமல் போனதால் பயிற்சிகள் நின்றன. தேங்கிப்போன பயிற்சி நாட்கள் மலையாகக் குவிந்தன. பயிற்சிக்கு ஒருவரை அனுப்பினால் அன்று ஓட்ட ஆள் இல்லை. அனுப்பாவிட்டால் அடுத்த மாதமும் ஓட்ட ஆள் இல்லை. இப்படிப்பட்ட நிலையில், ஓய்வு நாள் வேலைக்கான ஒப்பந்தம் 2021 டிசம்பரில் காலாவதியானது. புதிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் உடன்பாடு வரவில்லை. ஓட்டுநர்கள் ஓய்வு நாளில் வீட்டில் இருந்தார்கள். 2023 மார்ச் வாக்கில் ஏறக்குறைய ஆறில் ஒரு ரயில் ரத்தாகிக்கொண்டிருந்தது. மே 28 அன்று அரசே நிறுவனத்தை எடுத்துக்கொண்டது.

ரத்து எண்ணிக்கையை மறைக்கவும் ஒரு வழி இருந்தது. முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் ஒரு ரயிலை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால், மறுநாள் கணக்கில் அப்படி ஒரு ரயில் இருந்ததாகவே வராது. ரத்து என்றும் பதிவாகாது. வெள்ளம், நிலச்சரிவு போன்ற சமயங்களுக்கு ஏற்பட்ட இந்த ஏற்பாட்டை ஆள் பற்றாக்குறைக்கும் பயன்படுத்தினார்கள். மாலையில் ரயில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போனவர் காலையில் நிலையத்துக்கு வந்தால் அது பலகையிலேயே இருக்காது. வேலைக்குத் தாமதமாகப் போய் மேலாளரிடம் பேச்சு வாங்கும் அந்த மனிதரின் இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. ரயில் துறையின் ஒழுங்குமுறை அமைப்பு பின்னர் இந்தக் கணக்கையும் நிறுவனங்களிடம் கேட்டு வாங்கத் தொடங்கியது. தாமதமாக வந்தாலும் சரியான செயல்.

அப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 பவுண்டு வாங்கிய ஓட்டுநர்களுக்கு என்ன மனக்குறை என்பது அடிக்கடி எழுந்த கேள்வி. செவிலியரையும் ஆசிரியரையும்விட அதிகம் வாங்குகிறவர்கள் பயணிகளைத் தவிக்க விடலாமா என்ற கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் சம்பளம் வாங்கும் அதே ஆட்கள்தான் பல ஆண்டுகளாக ஓய்வு நாளில் முகம் சுளிக்காமல் வந்தார்கள். மாறியது சம்பளத்தின் அளவு அல்ல, உறவு. 2019க்குப் பிறகு அதுவரை ஊதிய உயர்வு இருக்கவில்லை. 2022 அக்டோபரில் விலைவாசி உயர்வு 11 சதவீதத்தைத் தாண்டியது. கொரோனா காலத்திலிருந்து டிக்கெட் வருமானமும் செலவும் அரசின் கணக்குக்குப் போய்விட்டதால், எவ்வளவு கொடுக்கலாம் என்பதைக் கருவூலம் தீர்மானித்தது. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்திருந்த நிறுவனத்துக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. இதற்கு நடுவே, ஓய்வு எடுத்தவனைப் பார்த்து வேலைநிறுத்தம் செய்கிறான் என்று நிர்வாகமே பத்திரிகைக்குச் சொன்னால், அடுத்த வாரம் அவன் எந்த மனத்தோடு போன் செய்து, நான் வருகிறேன் என்று சொல்வான்? நல்லெண்ணத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியாது. அதை நம்பி அட்டவணை போட்டவர்கள் அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் ஏற்றிருக்க வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஓவர்டைம் ஏற்பாடு ஊழியர்களுக்கும் இனித்தது. கூடுதல் வருமானத்துக்குப் பழகியவர்கள், புதிய ஆட்கள் வந்தால் அது போய்விடும் என்று தயங்குவார்கள். எனவே தவறு இரு பக்கமும் இருக்கிறது என்பது அது. உண்மைதான். ஓய்வு நாள் வேலை இரு தரப்பும் சேர்ந்து வளர்த்த பழக்கம். ஆனால் அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவர் மூன்றாமவரான பயணி. 1988 டிசம்பர் 12 அன்று லண்டனின் கிளாப்ஹாம் சந்திப்பு அருகே ரயில்கள் மோதி 35 பேர் இறந்தார்கள். சிக்னல் பெட்டியில் துண்டித்து எடுத்திருக்க வேண்டிய பழைய கம்பி ஒன்று அப்படியே விடப்பட்டு, மறுபடி இணைப்பைத் தொட்டதால், சிவப்பு காட்ட வேண்டிய சிக்னல் சிவப்பு காட்டவில்லை. அந்த வேலையைச் செய்த தொழில்நுட்ப ஊழியர் அதற்கு முந்தைய 13 வாரங்களில் எடுத்த விடுமுறை ஒரே ஒரு நாள். ஆன்டனி ஹிடன் தலைமையிலான விசாரணைக்குப் பிறகுதான் ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரத்தையும் ஒரு வாரம் 72 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது, 14 நாளில் 13 ஷிஃப்டுக்கு மேல் கூடாது என்ற வரம்புகள் வந்தன. ஓய்வு நாள் என்பது ஊழியருக்குக் கொடுக்கும் சலுகை மட்டுமல்ல, பயணியின் பாதுகாப்புக் கருவியும்கூட. அதை விலைக்கு வாங்குவதற்கு எல்லை உண்டு.

அரசு எடுத்துக்கொண்டால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். வட இங்கிலாந்தின் உள்ளூர் ரயில்களை நடத்தும் நார்தர்ன் 2020 மார்ச்சிலிருந்தே அரசின் கையில் இருக்கிறது. ஆனால் 2024இலும் அதன் ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. பழைய நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்ததால், அதன் கிழக்குப் பகுதியில் நடத்துநர்களுக்கு ஞாயிறு டியூட்டி கட்டாயமாகவும் மேற்குப் பகுதியில் விருப்பமாகவும் இருந்தது. ஊழியர்களுக்குத் தகவல் அனுப்ப இன்னும் ஃபேக்ஸ் இயந்திரம் பயன்படுகிறது என்று அந்த ஆண்டு நிர்வாகமே ஒப்புக்கொண்டது. தெற்கிலும் இதே பிணி. 2024 ஜூலை 14, ஞாயிறு. ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டியில் இங்கிலாந்து ஆடியது. அன்று கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பல ரயில்கள் ஆளில்லாமல் நின்றன. நாட்டின் அணி இறுதிப் போட்டியில் ஆடுவதைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? ஞாயிறு ரயில் சேவை அந்த ஆசையைப் பொறுத்திருக்கும்படி வைத்ததுதான் குற்றம். உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் தானாக மாறாது. ஞாயிறை வாரத்துக்குள் கொண்டுவர ஆள் சேர்க்க வேண்டும், அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

அதே சமயம், அரசு எடுத்துக்கொண்ட பிறகு ட்ரான்ஸ்பெனைனில் செய்த ஒன்று எனக்கு நம்பிக்கை தருகிறது. 2023 டிசம்பரில் அவர்கள் அட்டவணையை வேண்டுமென்றே குறைத்தார்கள். புதிதாக இறக்கிய மூன்று வகை ரயில்களில் ஒன்றை முழுமையாக விலக்கினார்கள். ஓட்டுநர் கற்க வேண்டிய வண்டிகள் குறைந்தன, பயிற்சித் தேக்கத்தைக் கரைக்க நேரம் கிடைத்தது. ஓய்வு நாள் வேலைக்கும் சங்கத்தோடு உடன்பாடு வந்தது. ரத்துகள் குறைந்தன. குறைப்பு என்றாலே தோல்வி என்று நினைக்கிறோம். ஓட்ட முடியாத ரயிலை அட்டவணையில் வைத்துக் காலையில் ரத்து செய்வதைவிட, ஓடும் ரயிலை மட்டும் போட்டு அதை ஓட்டிக் காட்டுவது பயணிக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அந்தக் குறைப்புக்குப் பின்னால் பயிற்சித் திட்டமும் தேதியும் இருக்க வேண்டும். 2016 ஜூலையில் சதர்ன் நிறுவனம் ஒரே வீச்சில் நாளுக்கு 341 ரயில்களை எடுத்தது. அப்போது கதவை யார் திறப்பது, மூடுவது என்பதில் நடத்துநர்களோடு தகராறு முற்றியிருந்தது. மனக்கசப்பு அப்படியே இருக்க ரயில்களை மட்டும் குறைத்ததால் அந்தத் தகராறு பிறகும் நீண்டது. அவந்தியும் ஏறக்குறைய 100 ஓட்டுநர்களைச் சேர்த்த பிறகுதான் 2022 டிசம்பரில் தன் ரயில்களைத் திரும்பக் கூட்ட முடிந்தது.

2025இல் பிரிட்டிஷ் அரசு ஓட்டுநர் பணிக்கான குறைந்தபட்ச வயதை 20இலிருந்து 18ஆகக் குறைக்க முடிவெடுத்தது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக அரசுடைமையாகி வருகின்றன. இரண்டும் நல்லதே, ஆனால் இன்று சேரும் 18 வயதுக்காரர் தனியாக ரயில் ஓட்ட ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பயணிகள் கேட்க வேண்டியது ஓர் எண்ணை: அட்டவணையில் உள்ள ரயில்களில் எத்தனை ஓய்வு நாள் டியூட்டியை நம்பியிருக்கின்றன? ஒவ்வொரு டிப்போவிலும் டியூட்டி பட்டியல் போடுபவருக்கு அது தெரியும். நேரம் தவறாமை விகிதத்தை வெளியிடுவதைப் போல இதையும் மாதாமாதம் வெளியிடக் கட்டாயப்படுத்தினால், ஆள் சேர்ப்பைத் தள்ளிப்போடும் முடிவு, ரயில்கள் நிற்கும் நாளுக்கு இரண்டு வருடம் முன்பே எல்லோர் கண்ணிலும் படும்.