வீட்டுக் கூரையில் வெந்நீர்: பெங்களூரில் சூரிய நீர்சூடேற்றிகளின் செயல்திறனும் செலவும்

நகர்ப்புறக் குடும்பங்களின் அன்றாட மின்தேவை பெரும்பாலும் குளியலறையில்தான் தொடங்குகிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள பெங்களூர் நகருக்கு இது மிகவும் பொருந்தும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் அதிகாலை வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ் அளவிற்கு இறங்கிவிடுவதால், அங்கு ஆண்டின் பெரும்பகுதி வெந்நீரிலேயே குளிக்கும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. முன்னாட்களில் குளியலறையில் பதித்த செப்பு அண்டாவும் அதன் அடியில் எரிந்த விறகும் இத்தேவையை நிறைவு செய்தன. பின்னர் அவ்விடத்தை மின்சார கீசர் பிடித்துக் கொண்டது.

கீசர் ஒன்று 2 அல்லது 3 கிலோவாட் மின்திறனை இழுக்கிறது. ஒரு வீட்டில் அது அரை மணி நேரமே இயங்கினாலும், காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே இலட்சக்கணக்கான வீடுகளில் இயங்குவதால் மின்தேவை உச்சத்தை எட்டுகிறது. அந்தச் சில மணி நேரத்திற்காகவே மின்நிலையங்களையும் மின்மாற்றிகளையும் கம்பித் தொடர்களையும் அமைத்துப் பராமரிக்க வேண்டியுள்ளது. எனவே வீட்டு வெந்நீர், மின்துறையின் முதலீட்டைப் பாதிக்கும் பொதுப் பிரச்சினையும் ஆகிறது.

இதனைக் கருத்தில் கொண்டு, கர்நாடகத்தின் மின்சார எதிர்காலம் குறித்துப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த அமுல்யா ரெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1991இல் வெளியிட்ட மாற்றுத் திட்டத்தில் சூரிய நீர்சூடேற்றிகளுக்கு இடம் அளித்தனர். புதிய மின்நிலையம் கட்டுவதும் தேவையைக் குறைப்பதும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடத்தக்கவை என்பதே அவர்களுடைய வாதத்தின் சாரம்.

இயங்கும் முறை

வீடுகளில் காணப்படும் சூரிய நீர்சூடேற்றிகள் இரு வகைப்படும். முதலாவது தட்டை ஏற்பி வகை. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கருநிறப் பூச்சுள்ள உலோகத் தகடும் அதனுடன் இணைந்த செப்புக் குழாய்களும் இருக்கும். இரண்டாவது வெற்றிடக் குழாய் வகை. இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்களின் இடைவெளியிலிருந்து காற்று நீக்கப்பட்டிருப்பதால் வெப்பம் வெளியேறுவது குறைகிறது; தெர்மாஸ் குடுவையின் தத்துவமே இதற்கும் அடிப்படை.

இரண்டிலும் பம்பு தேவையில்லை. சூடேறிய நீர் இலேசாகி மேலே உள்ள தொட்டிக்குச் செல்கிறது; குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தை நிரப்புகிறது. வெப்பக் காப்பிட்ட தொட்டியில் மாலையில் சேர்ந்த வெந்நீர் மறுநாள் காலை வரை பயன்படும் நிலையில் இருக்கிறது. பெங்களூர் 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏற்பியைத் தெற்கு நோக்கி, அட்சரேகையைவிடச் சற்று அதிகச் சாய்வில் பொருத்தினால் குளிர்காலத்தில் கூடுதல் பயன் கிடைக்கும்.

எவ்வளவு வெப்பம் கிடைக்கும்?

100 லிட்டர் நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 யூனிட் வெப்பம் தேவை. 100 லிட்டர் சாதனத்தின் தட்டை ஏற்பி 2 சதுர மீட்டர் பரப்புடையது. ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட்டிற்குக் குறையாத சூரிய ஆற்றல் விழுவதாகக் கொண்டால், மொத்தம் 10 யூனிட் ஆகிறது. அதில் 40 விழுக்காடு நீரைச் சென்றடைந்தாலே தேவை நிறைவேறும். நல்ல சாதனங்களுக்கு இது எட்டக்கூடிய அளவே.

பருவநிலையும் பெரும்பாலும் சாதகமானது. குளிர் மிகுந்த ஜனவரியில் வானம் தெளிவாக இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் மேகமூட்டமே சோதனைக் காலம். இக்காலத்திற்கெனத் தொட்டியில் மின் சூடேற்றி ஒன்று துணையாகப் பொருத்தப்படுகிறது. ஆனால் அதனை இரவு முழுவதும் இயக்கினால், காலையில் தொட்டி ஏற்கெனவே சூடாக இருக்கும். அன்றைய வெயிலுக்கு வேலை இராது. துணைச் சூடேற்றியைத் தேவையான நாட்களில் மட்டும், குளிப்பதற்குச் சற்று முன்பாக இயக்குவதே முறை.

செலவுக் கணக்கு

100 லிட்டர் சாதனம் ஆண்டுக்கு 1,500 யூனிட் வரை மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் மதிப்பிட்டுள்ளது. இது முழுக் கொள்ளளவும் பயன்படும்போது கிடைக்கும் பயன். இருவர் மட்டுமே வாழும் வீட்டில் தொட்டியின் பாதி நீர் பயன்படாமல் போகலாம். பயன்படாத வெந்நீரால் மிச்சமாகும் மின்சாரம் ஏதுமில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சாதனத்தின் விலை 20,000 ரூபாய், ஆயுள் 15 ஆண்டுகள், வட்டி 10 விழுக்காடு, ஆண்டுப் பராமரிப்பு 500 ரூபாய் என்று கொள்வோம். முதலீட்டின் ஆண்டுச் சுமை சுமார் 2,630 ரூபாய். பராமரிப்புடன் 3,130 ரூபாய். நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம் 300 நாட்கள் பயன்பட்டால் 1,200 யூனிட் கிடைக்கிறது. ஒரு யூனிட்டின் அடக்கவிலை 2 ரூபாய் 60 காசு. பாதியளவே பயன்பட்டால் அதுவே 5 ரூபாய் 20 காசாக உயர்கிறது. மின்கட்டணம் யூனிட்டிற்கு 6 ரூபாய் எனில் முன்னது பெரும் இலாபம். பின்னது சிறு இலாபம். சாதனத்தின் விலை 28,000 ரூபாய் ஆனால், பாதிப் பயன்பாட்டில் அடக்கவிலை ஏறத்தாழ 7 ரூபாயாகி நட்டத்தில் முடிகிறது.

எனவே குடும்பத்தின் அளவிற்கேற்ற சாதனத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் சிக்கனம். மூன்று அல்லது நான்கு பேருக்கு 100 லிட்டர் போதுமானது. பெரிய தொட்டி பெருமைக்கு உதவலாம், கணக்கிற்கு உதவாது.

நீரும் குழாயும்

பெங்களூரின் பல பகுதிகள் நெடுங்காலமாக ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ளன. அந்த நீர் கடினத்தன்மை மிக்கது. சூடேறும்போது சுண்ணாம்புப் படிவு உண்டாகிறது. தட்டை ஏற்பியின் மெல்லிய செப்புக் குழாய்கள் இதனால் அடைபடுகின்றன. வெற்றிடக் குழாய் வகை படிவைச் சற்று அதிகமாகத் தாங்கும். ஆயினும் ஆண்டுதோறும் கழுவ வேண்டும். காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டதால், நகருடன் இணைந்த 110 கிராமங்களில் காவிரி நீர் சென்றடையும் வீடுகளுக்கு இச்சிக்கல் குறைய வாய்ப்புண்டு.

பலர் கவனியாத மற்றொரு இழப்பு குழாயில் ஏற்படுகிறது. கூரையிலிருந்து குளியலறை வரை 20 மீட்டர் நீளமும் 20 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில் ஏறத்தாழ 6 லிட்டர் நீர் தங்குகிறது. குளிர்ந்துபோன அந்நீர் வெளியேறிய பின்னரே வெந்நீர் வரும். குழாயின் நீளத்தைக் குறைப்பதும் அதற்கு வெப்பக் காப்பு இடுவதும் வீட்டைக் கட்டும்போதே செய்ய வேண்டியவை. தண்ணீருக்கு அல்லற்படும் நகரில் இது சிறிய விஷயமன்று.

அரசின் நடவடிக்கைகள்

வீட்டுக் கூரை வெந்நீரைச் சட்டத்தால் பரப்பிய நாடுகளில் இஸ்ரேல் முன்னோடி. 1980இலேயே புதிய குடியிருப்புகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. கர்நாடக அரசு 2007இல் குறிப்பிட்ட அளவிற்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கி, மின் இணைப்புடன் தொடர்புபடுத்தியது. சாதனம் பொருத்திய வீடுகளுக்கு யூனிட்டிற்கு 50 காசு வீதம், மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல், மின்கட்டணத் தள்ளுபடியும் பல ஆண்டுகள் வழங்கப்பட்டது.

2010இல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் இயக்கம், 2022ஆம் ஆண்டிற்குள் நாடு முழுவதும் 2 கோடி சதுர மீட்டர் ஏற்பிப் பரப்பை இலக்காகக் கொண்டது. இவ்வியக்கத்தின் கீழ் 30 விழுக்காடு வரை மூலதன மானியம் அளிக்கப்பட்டு, 2014இல் நிறுத்தப்பட்டது. ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர நிர்ணயம் தட்டை ஏற்பிகளுக்கு வகுக்கப்பட்டதும் நுகர்வோர் பாதுகாப்பில் ஒரு முக்கியப் படி.

இரு புதிய கேள்விகள்

கர்நாடகத்தில் 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கிருக ஜோதி திட்டம், தகுதியுள்ள வீடுகளுக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் அளிக்கிறது. இத்தகைய வீட்டில் கீசருக்குப் பதிலாகச் சூரிய வெந்நீரைப் பயன்படுத்தினால், மிச்சமாகும் பணம் குடும்பத்திற்கன்றி அரசின் கருவூலத்திற்கே சேர்கிறது. செலவு ஒருவருக்கு, ஆதாயம் மற்றவருக்கு என்ற நிலையில் ஊக்கம் குன்றுவது இயல்பு. ஆண்டிற்கு 600 யூனிட் மிச்சமானால், 6 ரூபாய் வீதம் அரசுக்கு 3,600 ரூபாய் மானியச் சுமை குறையும். சாதனம் வாங்க 10,000 ரூபாய் உதவி அளித்தாலும், வட்டி நீங்கலாக, மூன்று ஆண்டுகளுக்குள் அது திரும்பிவிடும்.

இரண்டாவது கேள்வி கூரை இடம் பற்றியது. 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், மின்சாரம் தரும் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. அதே 2 சதுர மீட்டரில் சூரியத் தகடு ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும். நீர்சூடேற்றி 4 யூனிட் வெப்பம் தரும். மின்சாரம் எல்லாப் பணிக்கும் உதவும். மிஞ்சியதை மின்தொடருக்கு விற்கலாம். ஆனால் தகடு நண்பகலில்தான் மிகுதியாக உற்பத்தி செய்கிறது. மின்கலம் இல்லையேல் காலை ஆறு மணியின் தேவையை அது குறைக்காது. சூரிய நீர்சூடேற்றியின் தொட்டியோ நேற்றைய வெயிலை இன்றைய காலைக்குச் சேமித்து வைக்கிறது. ஆயிரம் சாதனங்கள் உச்சத் தேவையில் ஒரு மெகாவாட்டைக் குறைக்கும் என்ற அமைச்சக மதிப்பீட்டின்படி, ஓர் இலட்சம் சாதனங்கள் 100 மெகாவாட் மின்நிலையத்திற்கு ஒப்பாகும்.

செய்யத் தக்கவை

சாதனத்தைப் பொருத்தச் செய்வதோடு சட்டத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. இணைப்புப் பெறுவதற்காகப் பொருத்தப்பட்டுப் பின்னர் பழுதாகிக் கிடக்கும் சாதனம் ஒரு யூனிட்டையும் மிச்சப்படுத்தாது. சலுகைகளை இயங்கும் நிலையுடன் தொடர்புபடுத்தி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்ப்பது பயன் தரும். அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒரு வீட்டுக்குச் சுமார் 3 சதுர மீட்டர் கூரை தேவைப்படுவதால், எல்லா மாடிகளுக்கும் இடம் போதாது. அங்கு மேல்மாடிகளுக்குச் சூரிய வெந்நீரும் மற்றவற்றிற்கு வெப்பப் பம்பும் என்ற கலப்பு முறையை விதிகள் அனுமதிக்க வேண்டும். படிவு நீக்கவும் குழாய் மாற்றவும் தெரிந்த தொழிலாளர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்கள் உருவாக்கலாம்.

வெயில் விலையின்றிக் கிடைக்கிறது; அதனை வெந்நீராக்கும் சாதனத்திற்கு விலை உண்டு. பெங்களூரின் கணக்கு காட்டுவதுபோல், சரியான அளவும் முறையான பராமரிப்பும் நியாயமான கட்டணக் கொள்கையும் ஒன்றுசேரும்போது, அந்த விலை வீட்டிற்கும் நாட்டிற்கும் இலாபமாகவே அமையும்.